மாடித் தொட்டியில் கமலா ஆரஞ்சு: துளிர் மஞ்சளாவதும் பூ கொட்டுவதும் எதனால்?

கேள்வி இது. கோயம்புத்தூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி. நர்சரியில் வாங்கிய கமலா ஆரஞ்சு ஒட்டுக்கன்று இரண்டு வருடமாக 12 அங்குலத் தொட்டியில் நிற்கிறது. புதுத் துளிர் மஞ்சளாகவே வருகிறது. பூ நிறைய வைத்து அத்தனையும் கொட்டிவிடுகிறது. ஊற்றுவது போர் தண்ணீர். 19:19:19 உரமும் எப்சம் உப்பும் போட்டுப் பார்த்தாயிற்று, பலனில்லை. இந்தச் செடி சமவெளியில் காய்க்குமா, தரையில் இறக்கி வைத்துவிடலாமா?

காய்க்கும். ஆனால் முதலில் உரத்தை நிறுத்துங்கள், வேரைப் பாருங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி எல்லாமே ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் வேரில் மெல்லிய வேர்த்தூவிகள் குறைவு. காற்றில்லாத மண்ணில் அவை சீக்கிரம் அழுகும், காரமான (அமிலத்துக்கு நேரெதிரான தன்மையுள்ள) மண்ணில் இரும்பையும் துத்தநாகத்தையும் எடுக்கத் திணறும். அதனால் வேரில் நடக்கும் கோளாறுதான் பெரும்பாலும் இலையில் பசியாகத் தெரிகிறது. வேர் சரியில்லாதபோது போடும் உரம் உப்பாகத் தேங்கி, இருக்கிற வேரையும் கருக்கும்.

வேருக்குப் போகும் முன், கையில் இருப்பது உண்மையில் கமலாதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். "சைனா ஆரஞ்சு", "மினி ஆரஞ்சு" என்று காயோடு விற்கப்படும் செடிகளில் பல காலமண்டின் வகை. காய் 3, 4 சென்டிமீட்டருக்கு மேல் பெருக்காது, பழுத்தாலும் புளிக்கும். அது அழகுச் செடி, ஊறுகாய்க்கும் சாறுக்கும் ஆகும், சுளை தின்ன ஆகாது. தமிழ்நாட்டு நர்சரிகளில் உண்மையான கமலா என்று கிடைப்பவை பெரும்பாலும் நாக்பூர், குடகு, கின்னோ. கின்னோ என்பது கலிபோர்னியாவில் 1915-ல் கிங், வில்லோ லீஃப் என்ற இரண்டு மாண்டரின் (கமலா இன) வகைகளைச் சேர்த்து உருவாக்கி 1935-ல் வெளியிட்ட ரகம். பஞ்சாபில் கொடிகட்டிப் பறப்பது இதுதான். சாறு நிறைய, விதையும் நிறைய. ஒரு வருடம் கொட்டிக் காய்த்தால் மறு வருடம் சும்மா நிற்கும். மாடிக்கு நாக்பூர் ரகம் நல்ல தேர்வு.

நம் பக்கத்தில் கமலாவுக்கு உகந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 500 முதல் 1500 மீட்டர் வரை உள்ள மலைச்சரிவு. கொடைக்கானல் கீழ்மலை, ஏற்காடு, குடகு எல்லாம் இந்த உயரத்தில் அடங்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கீழ்மலையில் தடியன்குடிசையில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருப்பதும் அந்தச் சூழலுக்காகத்தான். கோயம்புத்தூர் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எல்லைக்குச் சற்றுக் கீழே. சென்னையை விட உங்களுக்கு வாய்ப்பு நன்றாகவே உண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்: தோல் ஆரஞ்சு நிறம் பிடிக்க இரவுக் குளிர் வேண்டும். சமவெளியில் பழம் முழுசாக இனித்த பிறகும் தோல் பச்சை கலந்த மஞ்சளாகவே நிற்கும்.

அடுத்து ஒட்டுப் பகுதி. தண்டின் அடியில் சற்றே வீங்கி, பட்டையின் நிறம் மாறும் இடம் தெரியும். அதற்குக் கீழே இருப்பது வேர்ச்செடி, மேலே இருப்பதுதான் கமலா. நம் ஊரில் வேர்ச்செடியாகப் பெரும்பாலும் ரங்க்பூர் எலுமிச்சை அல்லது ஜம்பேரி எலுமிச்சை. ரங்க்பூர் வறட்சியையும் சுண்ணாம்பு மண்ணையும் ஓரளவு தாங்கும். ஜம்பேரி வேகமாக வளர்க்கும், ஆனால் அழுகல் நோய்க்கு இடம் கொடுக்கும். மூவிலை ஆரஞ்சில் ஒட்டிய சட்சுமா போன்ற வெளிநாட்டு ரகங்களை இணையத்தில் விற்கிறார்கள். அந்த வேர்ச்செடி சுண்ணாம்பு மண்ணில் இரும்பை எடுக்கவே எடுக்காது. கொங்குப் பக்கத்து மண்ணுக்கும் போர் தண்ணீருக்கும் அதை வாங்க வேண்டாம். ஒட்டுக்குக் கீழிருந்து முள்ளோடு விறுவிறுவென்று ஒரு தளிர் கிளம்பினால் அது வேர்ச்செடியின் தளிர். கத்தரிக்காமல், இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்துவிடுங்கள். பிய்த்தால் அடிமொட்டும் சேர்ந்து வந்துவிடும். அதை விட்டுவைத்த செடிகளில் இரண்டே வருடத்தில் கமலா பட்டுப்போய் காட்டெலுமிச்சை மட்டும் மிஞ்சுவது வழக்கமாக நடக்கிறது.

இப்போது தொட்டியைச் சாய்த்து, மண்கட்டியோடு செடியை வெளியே எடுங்கள். முந்தின நாள் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் எளிதாகக் கழன்று வரும். நல்ல வேர் வெளுத்த பழுப்பு நிறத்தில் உறுதியாக இருக்கும், நுனி வெள்ளையாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் நிற்கும், மண்ணும் நாறும். 12 அங்குலத் தொட்டியில் இரண்டு வருடம் என்றால் மூன்றாவது நிலையும் உண்டு: வேர் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வளைந்து, நடுவில் மண்ணே இல்லாமல் இருக்கும். அந்த நிலையில் ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓட்டை வழியே போய்விடும், நடுக்கட்டி காய்ந்தே கிடக்கும். பூ மொத்தமாகக் கொட்டுவதற்கு இது ஒன்றே போதும்.

மாற்ற வேண்டிய தொட்டி 18 அங்குலம், அதாவது ஏறக்குறைய 60 லிட்டர். ஒரேயடியாக 100 லிட்டர் டிரம்முக்குத் தாவாதீர்கள். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். இரண்டு, மூன்று வருடம் கழித்து 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்ததில் வையுங்கள், அதுவே கடைசி வீடாக இருக்கட்டும். அந்தப் பாதி டிரம் ஈரமண்ணோடு 130 கிலோவைத் தாண்டியும் கனக்கலாம். தளத்தின் நடுவில் வைக்காமல், அடியில் சுவரோ பீமோ ஓடும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். தொட்டியை மூன்று செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்கும் பழக்கம் வேண்டாம்.

மண்கலவை: செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அல்லது நெல் உமி 1 பங்கு. எம்-சாண்ட் என்றால் தூசி போகக் கழுவிக்கொள்ளுங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று முறையாவது அலச வேண்டும். உமிச்சாம்பல், அடுப்புச் சாம்பல், முட்டை ஓட்டுத்தூள் மூன்றும் வேண்டாம், காரத்தை ஏற்றும். செம்மண்ணை வாங்கியதும் ஒரு கைப்பிடி எடுத்து அதில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த மண்ணைக் கமலாவுக்குப் பயன்படுத்தாதீர்கள். கோவையைச் சுற்றியுள்ள கரிசல் மண்ணில் இது அடிக்கடி நடக்கும்.

தொட்டியின் அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஜல்லி போடுவது வடிகாலுக்கு உதவாது. நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கல்லுக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது. ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில் ஈரம் தேங்கி, வேருக்குக் கிடைக்கும் நல்ல மண்ணின் ஆழம்தான் குறையும். ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். ஓட்டை விரல் நுழையும் அளவில் ஐந்தாறு இருக்க வேண்டும்.

மாற்றி வைக்கும்போது அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். சுற்றி வளைந்த வேர் இருந்தால் மண்கட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நாலு இடத்தில் ஓர் அங்குல ஆழத்துக்குக் கீறி, ஓர வேரை விரலால் வெளியே பிரித்துவிடுங்கள். வேரில் எவ்வளவு போனதோ அதே அளவுக்கு மேலே கிளையையும் குறைக்க வேண்டும். வழக்கமாகக் கால் பங்கு வரும். செடி பழைய தொட்டியில் இருந்த அதே ஆழத்தில்தான் புதிதிலும் நிற்க வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் 15 சென்டிமீட்டராவது தெரியட்டும். மண்ணை மிதித்து இறுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றினாலே அமரும். பிறகு இரண்டு வாரம் நிழல் வலையின் கீழ் வைத்து, மெல்ல வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். புதுத் துளிர் வந்து முற்றும்வரை உரம் கூடாது. ஜூன், ஜூலை இதற்கு நல்ல காலம். ஏப்ரல், மே மாதத்தில் வேரில் கை வைக்க வேண்டாம்.

தண்ணீருக்கு நாள்கணக்கு வைத்துக்கொள்வது சரிவராது. ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்தில் காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஊற்றினால் அடி ஓட்டை வழியே கொஞ்சம் வடியும் வரை நிறைய ஊற்ற வேண்டும். 60 லிட்டர் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 5 லிட்டர் வரை பிடிக்கும். கோடையில் தினமும் தேவைப்படலாம், ஐப்பசி மழையில் பத்து நாள்கூட வேண்டாமல் இருக்கலாம். தினம் ஒரு சொம்பு என்று மேலோட்டமாக ஊற்றுவதுதான் கெடுதல்: மேல்மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும், அடிமண் காய்ந்து கிடக்கும், உப்பு கீழே இறங்காமல் நடுவில் சேரும்.

போர் தண்ணீரின் கடினம்தான் உங்கள் மஞ்சள் துளிருக்கு முதல் சந்தேகம். அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் ஒவ்வொரு தடவையும் மண்ணைச் சிறுகச் சிறுகக் காரமாக்கும். கமலாவுக்கு மண்ணின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்கு மேல் போனால் காரம்) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் மகிழ்ச்சி. 7.5-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் அது வேருக்குக் கரைந்து கிடைக்காது. வீட்டில் சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் வந்தால் இந்தச் செடிக்கு மட்டுமாவது அதை ஒதுக்குங்கள், அது மென்மையான தண்ணீர். மழைநீர் இன்னும் நல்லது. போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால் 10 லிட்டர் வாளிக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம், கிடைக்காவிட்டால் 25 மில்லி வெள்ளை வினிகர் கலந்து ஊற்றுங்கள். தண்ணீரின் காரத்தில் ஒரு பகுதியை அது முறித்துவிடும். மாதம் ஒரு தடவை, வழக்கமாக ஊற்றுவதைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை விட்டு உப்பைக் கழுவி இறக்குங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் அந்தக் கழுவல் தாமதமாகிவிட்டது என்று பொருள்.

இனி இலை. மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. எந்த வயது இலையில், எந்த வடிவில் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் வலைப்பின்னலாகப் பச்சை என்றால் இரும்புக் குறை. புது இலை சிறுத்து, ஒடுங்கி, குத்தாக நிமிர்ந்து, நரம்புகளுக்கு இடையில் திட்டுத் திட்டாக மஞ்சள் பூத்திருந்தால் துத்தநாகக் குறை. காரமண்ணில் இரண்டும் சேர்ந்தே வரும். பழைய இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளாகி, காம்பை ஒட்டிக் கவிழ்த்த "V" போலப் பச்சை மிஞ்சினால் அது மெக்னீசியக் குறை. மெக்னீசியம் தரும் எப்சம் உப்பு உதவுவது இதற்கு மட்டும்தான். பழைய இலை முழுசாக, ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. இலை நுனி கருகினால் உப்பு மிகுந்துவிட்டது. நரம்பு மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக இருந்தால் வேர் அழுகலோ, அடித்தண்டில் பட்டை அழுகலோ இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் செடியில் துளிர்தான் மஞ்சள் என்கிறீர்கள். எப்சம் உப்பு பலிக்காமல் போனதற்குக் காரணம் அதுவே.

இரும்புக்கு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் காரமண் அதை உடனே பூட்டிவிடும். ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்ற வகை இரும்புச் சத்துத்தூள் உரக்கடையில் கிடைக்கும். கரைத்தால் தண்ணீர் கருஞ்சிவப்பாகும். 60 லிட்டர் தொட்டிக்கு 5 கிராம் கரைத்து மண்ணில் ஊற்றுங்கள், வருடத்துக்கு மூன்று முறை போதும். ஈ.டி.டி.ஏ. (EDTA) என்று எழுதிய இரும்பு விலை குறைவு, ஆனால் காரமண்ணில் நிலைக்காது. வாங்கும்போது எழுத்தைக் கவனமாகப் படியுங்கள். துத்தநாகத்தை இலைவழியாகக் கொடுப்பது சுலபம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 2.5 கிராம் நீற்றுச் சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் அதில் சேர்த்து வடிகட்டித் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இளந்துளிர் பொசுங்கும். துளிர் விரிந்து முக்கால் அளவு வளர்ந்த நிலையில், மாலையில் தெளியுங்கள். மார்ச், ஜூலை, அக்டோபர் துளிர்களுக்கு ஒவ்வொரு முறை கொடுத்தால் போதும். ஏற்கெனவே முற்றிய மஞ்சள் இலை மீண்டும் பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள், அடுத்த துளிரில்தான் பலன் தெரியும்.

மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அளவுக்கு மேல் கொட்டுவதும் இரும்பையும் துத்தநாகத்தையும் தடுக்கும். எலும்புத்தூளும் 19:19:19 உரமும் மாறி மாறிப் போட்ட தொட்டிகளில் இதைச் சாதாரணமாகக் காணலாம். செடி தேறிய பிறகு 60 லிட்டர் தொட்டிக்கு இந்த அளவு போதும்: மாதம் ஒரு தடவை மண்புழு உரம் 200 கிராம், வேப்பம் புண்ணாக்கு 30 கிராம், துளிர்க்கும் மாதங்களில் அம்மோனியம் சல்பேட் 15 கிராம், அதை மூன்றாகப் பிரித்துப் பத்து நாளைக்கு ஒரு முறை கரைத்து. அம்மோனியம் சல்பேட் தழைச்சத்து தருவதோடு மண்ணைச் சற்று அமிலமாக்கும்; போர் தண்ணீர்த் தொட்டிக்கு யூரியாவைவிட இதுவே பொருத்தம். காய் கோலிக்குண்டு அளவு வந்ததும் பொட்டாசியம் சல்பேட் மாதம் 10 கிராம். பொட்டாஷ் என்று பொதுவாக விற்பதில் குளோரைடு இருக்கிறது, தொட்டியில் அது சேர்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எந்த உரத்தையும் போடாதீர்கள், முதலில் தண்ணீர், பிறகு உரம்.

வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும். ஆனால் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும்போது செடி வளர்ச்சியை நிறுத்திவிடும், பிஞ்சு உதிரும். மார்ச் கடைசி முதல் மே முடியும் வரை 35 சதவீத நிழல் வலை போதும். 50, 75 சதவீத வலை போட்டால் அடுத்த பூ குறையும். கறுப்புத் தொட்டியின் மேற்குப் பக்கச் சுவர் மாலை வெயிலில் சூடேறி அங்கிருக்கும் வேர்நுனியைக் கொல்லும். வெள்ளை அடிக்கலாம், சாக்கைச் சுற்றலாம், அல்லது அந்தப் பக்கம் ஒரு கீரைத் தொட்டியை மறைவாக வைக்கலாம். மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள், தண்டிலிருந்து நாலு அங்குலம் தள்ளி. கமலாவின் உணவு எடுக்கும் வேர்கள் மேலாகவே படர்பவை, அதனால் மேல்மண்ணைக் கொத்திக் கிளறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பூ கொட்டுவதைப் பற்றி முதலில் ஓர் ஆறுதல்: ஆரோக்கியமான மரத்திலேயே நூறு பூவில் ஓரிரண்டுதான் பழமாகும். 500 பூவில் எட்டு, பத்துக் காய் நின்றால் அது வெற்றிதான். மகரந்தச் சேர்க்கைக்கு இன்னொரு மரம் வேண்டியதில்லை, தூரிகையால் தடவவும் வேண்டாம். ஒன்றுகூட நிற்காதபோதுதான் கோளாறு. இலையில்லாத வெறுங்குச்சியில் பூ மட்டும் கொத்தாக வந்தால் அவை நிற்பது அரிது. கூடவே புது இலையும் வந்த கொத்தில்தான் பிஞ்சு தங்கும். வேர் நெருக்கடியில் இருக்கும் செடி, இலையை உதிர்த்துவிட்டு மிதமிஞ்சிப் பூக்கும். உங்கள் செடியில் நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த உதிர்வு பட்டாணி அளவில் வரும். அந்த நாட்களில் ஒரு முறை மண் காய்ந்து வாடினாலும் மொத்தமும் போய்விடும்.

பூக்க வைக்கத் தண்ணீரை நிறுத்தும் முறை தோட்டங்களுக்கு உரியது. நாக்பூர்ப் பக்கத்து ஆழக் கரிசலில் வாரக்கணக்கில் பாய்ச்சலை நிறுத்தி, இலை வாடியதும் மீண்டும் தொடங்குவார்கள். தொட்டியில் அதைச் செய்தால் செடி போய்விடும். அதிகபட்சம், தை மாதத்தில் நடுப்பகலில் இலை லேசாக மடங்கும் வரை சில நாட்கள் தண்ணீரைக் குறைத்து, பிறகு மூன்று நாளில் படிப்படியாக வழக்கத்துக்குக் கொண்டுவரலாம். மாற்றி வைத்த முதல் வருடம் அதுவும் வேண்டாம்; அந்த வருடத்துப் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான். ஆனால் அந்த வலு வேருக்கும் கிளைக்கும் போனால் அடுத்த வருடம் பத்துக் காயைத் தாங்கும். அதன் பிறகும் ஒரு கொத்தில் ஒரு காய் என்று விடுங்கள். அதிகம் விட்டால் காய் சிறுக்கும், மறு வருடம் பூக்காது.

பூச்சிகளில் முதலில் கண்ணில் படுவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சை. ஒரு புழு சின்னக் கன்றின் துளிரை இரண்டே நாளில் காலி செய்யும். கையால் பொறுக்கினால் போதும், மருந்து வேண்டாம். துளிரில் வெள்ளிக் கோடுகள் பாம்பாக நெளிந்தால் இலைத் துளைப்பான். துளிர் அரை அங்குலம் இருக்கும்போதே தொடங்கி, வாரம் ஒரு முறை இரண்டு மூன்று தடவை வேப்பெண்ணெய் தெளித்தால் கட்டுப்படும்: லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், 1 மில்லி திரவ சோப்பு, மாலையில். கோடு விழுந்த இலைகளைக் கத்தரிக்காதீர்கள், அவை இன்னும் உணவு தயாரிக்கும். தண்டில் எறும்பு வரிசை ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ செதில் பூச்சியோ இருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, அதே வேப்பெண்ணெய்க் கலவையைக் கொடுங்கள், எறும்பையும் தடுங்கள். எறும்பு காவல் காக்கும்வரை மாவுப்பூச்சி தீராது.

மேலே சொன்னவற்றை எல்லாம் விடக் கவனம் தேவைப்படுவது சில்லா என்ற சிறு பூச்சி. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும், 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் குஞ்சுகள் துளிரில் வெள்ளை மெழுகு இழைகளை விடும். பசுமையாக்கல் நோய் என்ற பாக்டீரியா நோயை அதுதான் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. அதற்குப் பிடித்த இன்னொரு செடி கறிவேப்பிலை. நம் வீடுகளில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பது இயல்பு. முடிந்தவரை தள்ளி வையுங்கள், கறிவேப்பிலைத் துளிரையும் சேர்த்தே சோதியுங்கள். நோய் வந்த இலையில் மஞ்சள் திட்டு நடுநரம்பின் இரு பக்கமும் ஒத்திருக்காது. துத்தநாகக் குறையில் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இந்த வேறுபாடு முக்கியம். முதலில் ஒரே ஒரு கிளை மஞ்சளாகும், பிறகு காய் கோணலாகும், பழுத்த காலத்திலும் அடிப்பக்கம் பச்சையாக நிற்கும். இதற்கு மருந்து இல்லை. உறுதியானால் செடியை எடுத்துவிடுவதுதான் அக்கம்பக்கத்து எலுமிச்சைகளுக்கும் நல்லது.

அடித்தண்டில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தால் அது மண்ணிலிருந்து ஏறிய அழுகல். அழுகிய பட்டையை நல்ல பகுதி தெரியும்வரை சுரண்டி, போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராமை இன்னோர் அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் பாத்திரத்தில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குக் கலக்கி அன்றே பூச வேண்டும். மழைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை தண்டின் அடி ஒன்றரை அடிக்குப் பூசி வைத்தால் நோய் வராமலே தடுக்கலாம்.

கவாத்து அதிகம் வேண்டாம். பறிப்பு முடிந்ததும் காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, நேராக விறைத்துக் கிளம்பும் கொழுத்த தளிர் இவற்றை மட்டும் எடுங்கள்.

பூவிலிருந்து பழம் வரை எட்டு மாதம் போல ஆகும். நிறத்தைப் பார்த்துப் பறிக்க முடியாது என்பதால், காய் மெத்தென்று ஆனதும் ஒன்றை அறுத்துச் சுவைத்துப் பாருங்கள். கமலா பறித்த பிறகு இனிப்பு ஏறாது, மாம்பழம் மாதிரி வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்க வழியில்லை. அதற்காக மரத்திலேயே அதிக நாள் விட்டாலும் வெப்பத்தில் புளிப்பு இறங்கிச் சப்பென்று ஆகும், சுளை சாறில்லாமல் சக்கையாகும். இழுத்துப் பறித்தால் காம்படியில் தோல் பிய்ந்து இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுங்கள். காய் முற்றும் காலத்தில் காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் ஊற்றினால் தோல் வெடிக்கும்.

தரையில் இறக்கலாமா என்ற கேள்விக்கு: மண் ஒத்துக்கொண்டால் தரைதான் மேல். வினிகர்ச் சோதனையை அங்கேயும் ஓர் அடி, இரண்டு அடி ஆழத்து மண்ணில் செய்யுங்கள். பிறகு ஒன்றரை அடிக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் ஒரு நாளுக்குள் இறங்கிவிட்டால் இரண்டரை அடிக்கு இரண்டரை அடி குழி எடுத்து நடலாம். இறங்கவில்லை என்றால் குழியே வேண்டாம்; நாலடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் மேடு போட்டு அதன் மேல் வையுங்கள். சுண்ணாம்பு பொங்கினால் தொட்டியிலேயே இருக்கட்டும். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளியிருக்க வேண்டும், கட்டட இடிபாடு புதைந்த இடம் ஆகாது. துணி துவைக்கும் தண்ணீர் பாயும் பக்கம் வேண்டவே வேண்டாம். சோப்புத்தூளில் உள்ள உப்பையும் போரானையும் கமலா தாங்காது. தண்டைச் சுற்றி ஒரு சின்ன மண் அணையும், அதற்கு வெளியே கிளைப் பரப்பின் ஓரத்தில் இன்னொரு வட்டமும் போட்டு, இரண்டுக்கும் நடுவில் மட்டும் தண்ணீர் விடுங்கள், தண்டில் ஈரம் படக்கூடாது. முதல் வருடம் தொழு உரம் 10 கிலோ, யூரியா 200 கிராம், சூப்பர் பாஸ்பேட் 250 கிராம், பொட்டாஷ் 80 கிராம். யூரியாவை மார்ச்சில் பாதி, அக்டோபரில் பாதியாகப் பிரித்துக் கொடுங்கள். வருடாவருடம் கூட்டிக்கொண்டே போய் ஆறாம் வருடத்தில் தொழு உரம் 30 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் 1.25 கிலோ, பொட்டாஷ் 650 கிராம் என்பது தோட்டத்து முழு அளவு. வீட்டு மரத்துக்கு ரசாயன உரத்தில் பாதியே போதும், தொழு உரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.